இருவினையொப்பும் இல்லறக் கணக்கும்

செல்வமும் வறுமையும் பிராரத்த வினைக்கேற்ப வருவனவாயின், வரவு செலவை எண்ணிக் கணக்கிடுதல் சைவர்க்கு வேண்டுவதோ என ஒரு வினா நிகழும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களிற் பல்லாயிரங் குடும்பங்கள் தோல் பதனிடுதலானும் காலணி செய்தலானும் வாழ்கின்றன. அவர்தம் கூலி கடல்கடந்த நாட்டார் வாங்குதலைப் பொறுத்தது. 2020-இல் ஊரடங்கின்போது தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க நாடு இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது அவ்வூர்கள் மீண்டுங் கலங்கின. இவை தொழிலாளர் தேடிக்கொண்டவை அல்ல, நுகர்ந்தே கழிக்கற்பாலன.

2022-இல் நிகழ்ந்தது வேறு. வேலூரைச் சார்ந்த நிதி நிறுவனமொன்று மாதந்தோறும் பெருவட்டி தருவதாகக் கூறியதை நம்பிப் பணமிட்டோர் பலர், முதலுங் கிட்டாது காவல்துறையை நாடினர். வஞ்சனையின் பழி வஞ்சித்தாரையே சாரும். ஆயினும், ஓரிலக்கம் ரூபாய்க்கு மாதம் 8,000 வட்டி எனின் ஓராண்டில் 96,000 ஆகும். எந்த நேரிய வாணிகம் இத்துணை ஆதாயந் தரும் எனப் பெருக்கிப் பாராமை நம் செயலேயாம். வந்து நுகரப்படுவது பிராரத்தம். நுகருங்கால் விருப்பு வெறுப்பால் ஏறுவது ஆகாமியம். முன்னதன் பெயரால் பின்னதனை மறைத்தல் சித்தாந்த நெறியன்று.

இருவினையொப்பாவது, இருவினைப் பயன்களையும் பற்றின்றி ஒப்ப நோக்கும் அறிவு. கணக்கை நோக்காத மடியன்று. குங்கிலியக்கலயர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியங் கொண்டாரே எனின், அது தமக்கென ஒன்றும் வேண்டாத அன்பின் முதிர்ச்சி. பெருவட்டி விழைந்து நகையை அடகு வைத்தல் அதனோடு ஒவ்வாது. சுந்தரமூர்த்தி சுவாமிகளோ, திருமுதுகுன்றத்திற் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இடுமுன் மாற்றறிதற்கு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தபின் உரைத்துப் பார்ப்பித்தார் என்பது பெரியபுராண வரலாறு. இறைவன் தந்த பொன்னுக்கே உரைகல் வேண்டப்பட்டதெனின், முன்பின் அறியாதார் சொல்லுக்கு அது வேண்டாவோ?

ஆதலின், கூலி பெற்ற அன்றே அரிசி, வாடகை, பிள்ளைகள் கல்வி, கடன் தவணை என்பவற்றுக்குப் பகுத்து வைத்தலும், வேலையற்ற மாதங்களுக்கென அஞ்சலகத்திலோ வங்கியிலோ சிறிது சேர்த்தலும், சீட்டிற் சேருமுன் அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதோ என வினவுதலும் இல்லறத்தார் கடன். இத்துணையுஞ் செய்தபின் வருவது குறையினும் மிகினும் உள்ளம் ஒப்ப நிற்றல் கூடும். செய்யாது வாளாவிருத்தல் அமைதிபோலத் தோன்றினும், அச்சத்தாற் கண்மூடுதலேயாம் என்க.