43 பேர் பார்த்தார்கள்: இதை எப்படிச் சொல்வது?

புதிதாகக் காணொளி போட ஆரம்பித்திருக்கும் ஒருவர், நேற்றுப் போட்டதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கிறார். 43 பேர். பதில் உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சிவப்பு அம்புக்குறியோடு சொல்லலாம், பச்சை அம்புக்குறியோடும் சொல்லலாம், எந்தக் குறியும் இல்லாமலும் சொல்லலாம். மூன்றும் ஒன்றா?

எங்கள் வட்டாரத்தில் கணினி படித்த நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னச் செயலி செய்து கொண்டிருக்கிறோம். யூடியூப், இன்ஸ்டாகிராம் கணக்கை அதில் இணைத்துவிட்டால், உங்கள் காணொளிகள் எப்படிப் போகின்றன என்று எளிய தமிழில் சொல்லும். உறுமி மேளம் அடிக்கிற பையன்கள், தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிற அக்காமார்கள், தேவாரம் பாடிப் போடுகிற படிவம் நான்கு மாணவி, இவர்களை மனதில் வைத்துத்தான் செய்கிறோம். நிரல் எழுதுகிற வேலை ஓடிவிடும். முதல் திரையில் எந்த எண்ணை வைப்பது என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி. மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகிற அளவுக்கு வாக்குவாதம்.

"இருக்கிறதைக் காட்டுவோம், அவ்வளவுதான். நல்லது கெட்டது அவங்க பார்த்துக்கட்டும்," என்றான் ஒரு தம்பி. கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் "இருக்கிறது" என்பதே யாரோ முன்பே முடிவு செய்தது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், காணொளி ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற கணக்கு அதில் கிடையாது. அதற்கு முந்திய நாள் வரை அதே சொல்லுக்கு வேறு பொருள். 2016இல் பேஸ்புக் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிடும்போது மூன்று வினாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால் சராசரி ஏறிப்போய் நின்றது. பெரிய விளம்பர நிறுவனங்களே அதை நம்பியிருந்தபோது, படிவம் நான்கு பிள்ளை என்ன செய்யும்?

தம்பி தங்கச்சிகளே, பொய் சொல்லாமலே ஏமாற்றலாம் என்பதற்கு விழுக்காட்டைப் போல நல்ல உதாரணம் கிடையாது. போன வாரம் 4 லைக், இந்த வாரம் 6. "50 விழுக்காடு வளர்ச்சி!" என்று செயலி பட்டாசு வெடிக்கலாம். கணக்கு சரி. அடுத்த வாரம் மறுபடி 4. "33 விழுக்காடு வீழ்ச்சி." அதுவும் சரி. நடந்தது என்ன? இரண்டு பேர் வந்தார்கள், அதே இரண்டு பேர் போனார்கள். ஒருவேளை அது சித்தியும் அவர் மகளுமாக இருக்கும், அந்த வாரம் ஜோகூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். இதற்காக ஒரு பிள்ளை தன் குரல் சரியில்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறது என்றால், அந்த முடிவுக்குச் செயலி செய்தவனுக்கும் பங்குண்டு என்பேன்.

ஆகவே எண்ணிக்கை நூறைத் தொடாத வரைக்கும் விழுக்காடு காட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். "போன வாரத்தைவிட இரண்டு பேர் கூட" என்று மட்டும் வரும். "எந்த நேரத்தில் போட்டால் நல்லது" என்ற பகுதியும் அப்படியே. எட்டுக் காணொளி போட்டவருக்கு "செவ்வாய் இரவு 8 மணி" என்று சொல்வது கிளி ஜோசியம். முப்பதாவது காணொளி வரைக்கும் "இன்னும் சொல்ல முடியாது" என்று செயலி கைவிரிக்கும். பயனாளிக்குப் பிடிக்காதுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதைவிட அது தேவலை. நூறு, முப்பது என்பதெல்லாம் நாங்களாகப் போட்டுக்கொண்ட கோடு. வேறு எண்ணுக்கு நல்ல காரணம் சொன்னால் மாற்றிக்கொள்வோம்.

இப்போது கீதையை எடுத்துக்கொண்டு ஒரு அண்ணன் வருவார். பலனில் கண் வைக்காதே என்றுதானே சொல்லியிருக்கிறது, பிறகு எதற்கு எண்ணிக்கை, செயலி? நியாயமான கேள்வி. ஆனால் பலனைப் பற்றிக்கொள்ளாமல் இருப்பது வேறு, வேலை எப்படி வந்தது என்று பார்க்காமல் இருப்பது வேறு. முறுக்கு சுடுகிறவர் மாவு பதத்தைப் பார்க்காமல் இருந்தால் அதற்குப் பற்றின்மை என்று பெயர் இல்லை, அலட்சியம். எண்களிலேயும் இந்த இரண்டு ரகம் இருக்கிறது. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. எந்த வினாடியில் பார்த்தவர்கள் நகர்ந்து போனார்கள் என்பதில் நம் கை இருக்கிறது. ஆரம்பத்தில் 12 வினாடி "வணக்கம் நண்பர்களே, எப்படி இருக்கீங்க" என்று இழுக்கும்போது பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று தெரிந்தால், அடுத்த முறை நேராகப் பாட்டுக்குப் போகலாம்.

இங்கேயும் சராசரியை நம்பக்கூடாது. ஒரு நிமிடக் காணொளியைச் சராசரியாக 30 வினாடி பார்த்தார்கள் என்றால், எல்லாரும் பாதியில் போனார்களா, பாதிப் பேர் கடைசி வரை இருந்து மீதிப் பேர் வந்தவுடனே ஓடினார்களா என்று அதில் தெரியாது. முதலாவது, பாடலின் நடுவில் ஏதோ தொய்வு. இரண்டாவது, தேவாரம் கேட்க வந்தவர்கள் கேட்டார்கள், மற்றவர்கள் தவறிப்போய் வந்தவர்கள். ஒருத்திக்குத் திருத்தம் தேவை, இன்னொருத்திக்கு ஒன்றுமே தேவையில்லை. அதனால் முதல் திரையில் சராசரிக்கு இடமில்லை. யார் எங்கே எழுந்து போனார்கள் என்ற கோடுதான் வரும்.

பின்தொடர்வோர் எண்ணிக்கையை இரண்டாம் திரைக்குத் தள்ளலாம் என்றபோதுதான் பெரிய சண்டை. முறுக்கு விற்கிற அக்கா கேட்டார்: "எனக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண நீங்க யாருலா? எத்தனை பேருக்குச் சேருதுன்னு தெரிஞ்சாதானே எத்தனை கிலோ மாவு பிசையறதுன்னு தெரியும்." அவருக்கு அது ரிங்கிட் கணக்கு. ஒளித்து வைப்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவது. இன்ஸ்டாகிராமும் 2019இல் சில நாடுகளில் லைக் எண்ணிக்கையை மற்றவர் கண்ணுக்கு மறைத்துப் பார்த்தது. பிறகு 2021இல், மறைப்பதா வேண்டாமா என்பதை அவரவரிடமே விட்டது. நாங்களும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறோம்: இரண்டாம் திரையில் இருக்கும், விரும்பினால் முதலுக்குக் கொண்டுவரலாம். ஆனால் விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலோர் அமைப்பைத் தொடவே மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தே வைக்கிறோம். "நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள்" என்று சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

மற்றவர் சேனலோடு ஒப்பிடும் பகுதியைப் பற்றி இன்னும் இரண்டு கட்சி. எனக்கு அது வேண்டாம். உறுமிக் குழுப் பையன்கள் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். போட்டி இருந்தால்தான் அடி ஏறும் என்கிறார்கள், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

கடைசியாக எங்களைப் பற்றியே ஒரு கேள்வி. செயலியை ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறார் என்பதை வைத்துத்தான் பலர் செயலியின் வெற்றியை அளக்கிறார்கள். எண்களைப் பார்த்துப் பார்த்து மனம் நோகாதே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, "உங்களுக்குப் புது லைக்!" என்று மணிக்கொரு மணி அடித்தால் நாங்கள் யார்? அந்த மணியை எடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு செய்தி போகும். அதையும் நிறுத்துகிற பொத்தான் முதல் திரையிலேயே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும்.