பெயரும் மதிப்பும்

'சால்வதோர் முண்டி' என்னும் கிறிஸ்து ஓவியம் 1958-இல் லண்டனில் 45 பவுனுக்கு ஏலம்போயிற்று. அதை லியோனார்டோ டாவின்சியின் படைப்பென்று அன்று எவரும் கருதவில்லை. 2005-இல் அமெரிக்காவில் இரு கலைப்பொருள் வணிகர்கள் அதை 1,175 டாலருக்கு வாங்கினர். மேற்பூச்சை நீக்குவித்து, பழைய ஏலப் பட்டியல்களில் அதன் வரலாற்றைத் தேடினர். 2017-இல் டாவின்சியின் பெயரோடு அது 45 கோடி டாலருக்கு விற்பனையாயிற்று. அறிஞர்களோ இன்றும் ஒருமனப்படவில்லை.

மதிப்பு ஓவியத்தில் உள்ளதா, பெயரில் உள்ளதா? ஒரு பொருள் யார் யார் கைக்கு மாறியது என்பதைப் பட்டியல் கூறும். அதன் தன்மையை நாமே கண்டுணர வேண்டும். மனிதரையும் நாம் குலம், பட்டம், பதவி என்னும் பட்டியல் கொண்டே அளக்கிறோம். ஓவியத்தின் பட்டியலைப் பின்னொரு நாள் திருத்தி எழுதலாம். எளியவரென ஒதுக்கப்பட்டவரின் கழிந்த வாழ்நாளை யார் திருத்தி எழுதுவது?