மேசைச் சத்தம்

ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால் தெளிவாகவே கேட்கும். பியானோவுக்கும் டபுள் பேஸுக்கும் அடியில் கிளாஸோடு கிளாஸ் இடிக்கிற சத்தம். ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். யாரோ விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில், படியிறங்கிப் போகவேண்டிய வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்ததன் ஒலிப்பதிவு அது. மதியத்திலிருந்து இரவுவரை ஐந்து முறை மேடையேறினார்கள். குடிக்கவும் பேசவும் வந்தவர்கள் குடித்தார்கள், பேசினார்கள். எவன்ஸோ, நெற்றி பியானோவைத் தொட்டுவிடும்போல் தலையைக் கவிழ்த்து வாசிக்கிறவர். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25. பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, கார் விபத்தில் போய்ச்சேர்ந்தார்.

சிரித்த அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் எவன்ஸ் லஃபாரோவைக் கேட்டுக்கொண்டிருந்தார், லஃபாரோ டிரம்ஸ் வாசித்த பால் மோஷியனைக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் காது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மூன்று பேர் ஒருவரையொருவர் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்த அறை அது. கல்லூரியில் தமிழ் நடத்தும் எனக்கு இது பெரிய பாடம். கடைசி பெஞ்சின் பேச்சை அடக்குவதிலேயே பல வருடம் தொண்டை கட்டியது. பிறகு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிற ஒருத்தி போதும் என்று நடத்தப் பழகினேன். பாடமும் எனக்குப் பிடித்த மாதிரி வந்தது.

இன்னொரு பேஸ் கலைஞர், சார்லஸ் மிங்கஸ், அப்படிப் பொறுத்துப் போகிறவர் இல்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு, பேசுகிறவர்களை மேடையிலிருந்தே திட்டுவார். 1960இல் ஸ்டூடியோவில் அவர் பதிவு செய்த ஓர் இசைத்தட்டு இருக்கிறது. எதிரே ஆளே இல்லை. இருந்தும் கிளப்பில் நிற்பதுபோலப் பேசித் தொடங்குகிறார்: கைதட்ட வேண்டாம், கிளாஸில் ஐஸைக் குலுக்க வேண்டாம், கல்லாப்பெட்டி மணி அடிக்க வேண்டாம். வெற்று அறையிலும் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. எத்தனை இரவுகள் புண்பட்டிருந்தால் ஒரு மனிதர் இப்படிக் கேட்பார்!

பாடகி பில்லி ஹாலிடே 1939இல் செய்தது இந்த இரண்டிலும் சேராது. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரலாம் என்று திறந்த கிளப், கஃபே சொசைட்டி. அங்கே அவர் பாடிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்', கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பர்களைப் பற்றியது. ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதிய பாட்டு. அதைக் கடைசியாகத்தான் பாடுவார். பாடத் தொடங்குமுன் பரிமாறுகிறவர்கள் கையை நிறுத்திவிட வேண்டும். விளக்கெல்லாம் அணையும். முகத்தில் மட்டும் ஒரு சிறு வெளிச்சம். முடிந்ததும் அதுவும் அணையும். மறுபடி விளக்கு எரியும்போது மேடையில் அவர் இருக்கமாட்டார். எத்தனை கைதட்டினாலும் திரும்பி வரமாட்டார். கிளப் உரிமையாளர் பார்னி ஜோசப்சன் வகுத்த ஏற்பாடு இது.

எவன்ஸின் பொறுமையை இந்தப் பாட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. தொங்குகிற உடல்களுக்கு மேலே கிளாஸ் உரசக் கூடாது. என்னுடையதை நீ கேட்காமல் போனால் பரவாயில்லை, நான் வாசித்துக்கொள்வேன். இறந்தவர்களுடையதை நான் கொண்டுவந்து வைக்கும்போது நீ வாயை மூடத்தான் வேண்டும். அங்கே விட்டுக்கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நடத்திய ஒரு மதியம். நாவலுக்குப் பின்னால் இருக்கும் கீழ்வெண்மணியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேர். பின்னால் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வேறு ஏதோ, எனக்கும் தெரியும். ஆனாலும் புத்தகத்தை மூடினேன். திட்டவில்லை. மின்விசிறியை அணைத்தேன். அது மெல்ல மெல்லச் சுற்றி நிற்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு, இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.