வாசலைத் திறந்துவிட்ட ஆசிரியர்

ஒருவருக்குக் கற்பித்துப் பார்க்கும் முன்னரே, அவர் கற்கத் தகுதியற்றவர் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? ஜேர்மனியில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் யோசெப் பொய்ஸ். 1961 முதல் டுசுல்டோர்ஃப் கலைக் கல்லூரியில் சிற்பப் பேராசிரியராக இருந்தவர். கொழுப்பையும் கம்பளித் தகட்டையும் கொண்டு படைப்புகள் செய்த விசித்திரமான கலைஞர் என்றே பலரும் அவரை அறிவர். நாம் இங்கே நினைவுகொள்ள விரும்புவது ஆசிரியரான பொய்சை.

அவருடைய வகுப்பில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து மணிக்கணக்காக விவாதிப்பார்கள். சிற்பத்தில் தொடங்கும் பேச்சு அரசியல், பணம், கல்வி என்று எங்கெங்கோ போகும். 1971இல் கல்லூரி அனுமதி மறுத்த 142 பேரையும் தமது வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். அந்த இலையுதிர் காலத்தில் மாணவரோடு கல்லூரி அலுவலகத்தில் போய் அமர்ந்தார். நிர்வாகம் இறங்கி வந்தது. 1972 அக்டோபரில் மறுபடியும் அமர்ந்தார். இம்முறை மாநில அறிவியல், ஆய்வுத்துறை அமைச்சர் யொகானஸ் ரவ், பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியானவர், அவரைப் பணிநீக்கம் செய்தார். பொலிஸ்காரரின் வரிசைக்கு நடுவே பொய்ஸ் சிரித்தபடி வெளியேறினார். அடுத்த ஆண்டு பழைய மாணவர் ஒருவர் மரத்தைக் குடைந்து வள்ளம் செய்து, அவரை அதில் ஏற்றி, ரைன் நதியைக் கடந்து கல்லூரிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். பணிநீக்கம் சட்டத்துக்கு முரணானது என்று 1978இல் நீதிமன்றம் சொன்னது.

அதே 1971தான் எங்கள் நாட்டில் தரப்படுத்தல் வந்த ஆண்டு. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அந்தத் தலைமுறையின் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. நாம் இன்று இங்கே இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

ஆனால் நாம் சொன்னது, 'தராசு பொய்' என்பதுதான். பொய்ஸ் கேட்டதோ, 'வாசலில் தராசு எதற்கு?' என்று. இரண்டும் ஒன்றல்ல.

அவருடைய சக பேராசிரியர் பலர் அவரை எதிர்த்தார்கள். அது வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. நூற்றுக்கணக்கானோரை ஓர் அறையில் அடைத்தால் யார் யாருக்குக் கற்பிப்பது? ஆஸ்பத்திரியின் கட்டில்களை எண்ணித்தானே மருத்துவ மாணவரைச் சேர்க்க முடியும்? பொய்ஸ் ஒன்றும் புனிதர் அல்லர். ஹிட்லரின் விமானப் படையில் பணியாற்றியவர். தமது விமானம் கிரிமியாவில் விழுந்ததைப் பற்றி அவர் சொன்ன கதையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவரைக் கும்பிட வேண்டியதில்லை. கேள்வியை மட்டும் கைவிடாதிருந்தால் போதும்.

'இடமில்லை' என்பது ஒரு தகவல். 'நீ தகுதியில்லை' என்பது ஒரு மனிதர் மீதான தீர்ப்பு. நிறுவனங்கள் எல்லாம் முதலாவதை இரண்டாவதாக மாற்றிச் சொல்கின்றன. கதிரை போதாமை தங்களுடைய குறை என்று ஒப்புக்கொள்வதிலும், வெளியே நிற்பவருடைய குறை என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு இலகு. பொய்ஸ் மறுத்தது இந்த மாற்றத்தைத்தான். அந்த 142 பேரில் எத்தனை பேர் புகழ்பெற்ற கலைஞரானார்கள் என்று கணக்குப் பார்ப்பவர்கள் மறுபடியும் தராசைத்தான் தூக்குகிறார்கள்.

அகதி மனுவுக்கு 'அப்லேனுங்' கடிதம் வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தெரிந்த நாமே வீட்டில் என்ன செய்கிறோம்? இந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். பத்து வயதில் கிம்நாசியத்துக்குச் சிபாரிசு கிடைத்தால் ஊரெல்லாம் தொலைபேசியில் சொல்கிறோம். ஹவுப்ட்சூலவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் பேச்சு வந்தால் கதையை மாற்றுகிறோம். பாடசாலை ஓர் இடத்தைத்தான் மறுத்தது. 'நீ தகுதியில்லை' என்ற மீதியை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள்.

வாசல்களைத் திறக்கும் அதிகாரம் நம்மில் அநேகருக்கு இல்லை. மூடிய வாசல் சொல்வதை நாமும் சேர்ந்து சொல்லாமல் இருப்பதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை.