சாளக்கிராமத்தின் வயது

நேபாளத்தில் முக்திநாத் பக்கம் ஓடிவரும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கூழாங்கல்லே சாளக்கிராமம். மற்ற விக்கிரகங்களைப் போல இதற்குப் பிராணப் பிரதிஷ்டை வேண்டியதில்லை. பெருமாள் இதில் தாமாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பது நம்பிக்கை. வீட்டுப் பூஜையில் திருமஞ்சனம் செய்து, துளசி சாத்தி வழிபடுகிறார்கள்.

கல்லின் துவாரத்துக்குள் தெரியும் வரிகளைச் சக்கரம் என்பார்கள். உடைந்த கல் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் அது நன்றாகப் புலப்படும்: நடுவில் கடுகளவில் தொடங்கும் சுருள், சுற்றுக்குச் சுற்று பருத்து வெளியே வருகிறது, அதன் மேல் விலா எலும்புகளைப் போல வரிவரியாக மேடுகள். பெரும்பாலான சாளக்கிராமங்களில் இது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு, அல்லது ஓடு கரைந்தபின் கல்லில் தங்கிய அச்சு. கணவாய்க்கு உறவான அந்த உயிர், ஓட்டின் கடைசி அறையில் மட்டும் குடியிருந்தது. பின்னால் விட்டுவந்த அறைகளில் வாயு நிரம்பியதால் நீரில் மிதந்தது. இமயம் எழும்புவதற்கு வெகு காலம் முன்பு, ஜூராசிக் காலத்தில், அங்கே டெதிஸ் கடல் இருந்தது. செத்து அடிச்சேற்றில் புதைந்த ஓடுகளைச் சுற்றிச் சேறு இறுகிக் கல்லானது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோத, கடலடி மலையாக உயர்ந்தது. ஆறு அதை அரித்து உருட்டிக் கொண்டுவருகிறது.

இது தெரிந்தபின் கல்லின் புனிதம் குறையுமா? வஜ்ரகீடம் என்ற புழு குடைந்ததே அந்தச் சக்கரம் என்று மரபுக் கதை ஒன்று உண்டு. கல்லுக்குள் ஓர் உயிரின் வேலையைக் கண்ட கூர்மை அதில் இருக்கிறது. அதற்காக முன்னோருக்கு அம்மோனைட் தெரியும் என்று சாதிப்பது தவறு. அவர்களை அறியாதவர்கள் என்று தள்ளுவது அதைவிடப் பெரிய தவறு.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பகுதியிலும் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கேயும் கடல்தான். அவற்றுக்கு யாரும் துளசி சாத்துவதில்லை. ஆகவே புனிதம் ஓட்டிலிருந்து வந்ததல்ல. ஆற்றோடும் தலத்தோடும் தலைமுறைகளின் வழிபாட்டோடும் சேர்ந்து வந்தது. கல்லின் வயதைக் கணித்துச் சொல்வதால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

வியப்பு மட்டும் இரண்டு கல்லுக்கும் பொது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட் இனமே அற்றுப்போனது. பார்க்க ஒரு மனிதக் கண்கூட இல்லாத காலத்தில் இத்தனை ஒழுங்கான சுருள் யாருக்காக உருவானது? படைப்பு மனிதனை மையமாகக் கொண்டது என்று எண்ணும் எந்தச் சமயமும் இதற்குப் பதில் தேட வேண்டும். உயிர் அனைத்திலும் இறைவன் உறைகிறான் என்று சொல்லும் வைணவத்துக்கு இந்தக் கேள்வி சங்கடம் தருவதில்லை. மனிதனுக்கு முன்பே வாழ்ந்து மறைந்த அந்தச் சிற்றுயிரும் அதன் கணக்கில் அடக்கம்.