சிடுமூஞ்சியும் சிரித்த முகமும்

வெடுக்கென்று பேசுகிறவரிடம் கைமாற்று கேட்க யாருக்கும் வாய் வராது. சிரித்துப் பேசுகிறவருக்கோ கேட்குமுன்னே எடுத்துக் கொடுக்கிறோம். குணத்தை இப்படிப் பேச்சை வைத்து எடைபோடுவது நியாயம்தானா?

அமெரிக்கப் பொருளியல் அறிஞர்களான பெர்க், டிக்ஹாட், மெக்கேப் மூவரும் 1995இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் கையில் 10 டாலர். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் வேறொரு அறையில் இருக்கும், முகமும் பெயரும் தெரியாத ஆளுக்கு அனுப்பலாம்; அனுப்பாமலும் இருக்கலாம். அனுப்பிய தொகை மும்மடங்காகி அந்த ஆளிடம் போய்ச் சேரும். அவராக மனம் வைத்துத் திருப்பித் தந்தால்தான் உண்டு. சுருட்டிக்கொண்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்படியிருந்தும் 32 பேரில் 30 பேர் ஏதோ ஒரு தொகையை அனுப்பினார்கள். சராசரியாகப் போனது 5 டாலருக்குச் சற்று மேல், திரும்பி வந்தது 5 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. முன்பின் தெரியாதவரை நம்புவது மனிதருக்கு அப்படியொன்றும் அரிய குணமில்லை.

அடுத்தவரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் சுபாவத்தை அளக்க உளவியலில் ஒரு கேள்வித்தாள் உண்டு. இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தக் கேள்வித்தாளையும் இதே வகை விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தச் சுபாவம் மிகுந்தவர்கள் நம்பிக் கொடுப்பதில் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. திருப்பித் தரும் இடத்தில்தான் சாயம் வெளுத்தது. மற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்பிக்கையைக் காப்பாற்ற, இவர்களில் மிகப் பெரும்பாலோர் லாபம் கண்டதும் கைவிரித்துவிட்டார்கள். தாராளமாகக் கொடுக்கிறாரே என்று ஒருவரை நம்பிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சந்தேகப் பிராணியின் கதை வேறு. எங்கோ ஏமாந்து சூடுபட்டவர் தன் பணத்தை இறுக்கிப் பிடிக்கிறார். அது கஞ்சத்தனமாக இருக்கலாம், அடுத்தவர் மனத்தைப் புண்படுத்தவும் செய்யலாம். ஆனால் யார் பணமும் அதில் போகவில்லை. இரண்டையும் ‘கெட்ட குணம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம்.

‘என் சுபாவமே அப்படி’ என்ற சமாதானத்தைக் கடுகடுப்புக்கு ஏற்கலாம். கோபமும் கூச்சமும் கேட்டு வாங்கி வந்தவை அல்ல. நம்பிக் கொடுத்ததை விழுங்கியவருக்கு அது செல்லாது. தருவதா வேண்டாமா என்று கணக்குப் போட்டுத்தான் அவர் முடிவெடுக்கிறார். கேள்வித்தாள் மதிப்பெண்ணை வைத்து ஒருவரை முன்கூட்டியே குற்றவாளியாக்குவதும் தகாது; அது ஒரு கூட்டத்தின் போக்கைத்தான் சொல்லும்.

ஜாமீன் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால் பேச்சை விட்டுவிடுங்கள். போன தடவை வாங்கியதை எப்போது கொடுத்தார் என்று விசாரியுங்கள்.