வேலி தாண்டும் குதிரை



சில வருஷங்களுக்கு முன், ஆம்பூர்ப் பக்கம் ஜட்கா ஓட்டின ஒரு விசுவாசி வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். "பாஸ்டர், எத்தனை முள்ளு வெட்டி அடைச்சாலும் குதிரை தாண்டிடுது. நேத்து பைபாஸ்ல லாரிக்கு முன்னால நின்னுச்சு. முன்னங்காலைக் கட்டியும் பார்த்தேன், அடிச்சும் பார்த்தேன்" என்று அழுதார்.

கொல்லையைப் பார்த்தேன். புல்லே இல்லை, வெறும் மண். குதிரை மாட்டைப்போல அசைபோடுகிற பிராணி அல்ல. விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். கூட்டமாய் வாழவே தேவன் அதைப் படைத்தார். இவரோ ஜோடிக் குதிரையை விற்றுவிட்டிருந்தார். பசியும் தனிமையும் துரத்தும்போது முள் என்ன செய்யும்? வெளியிலோ தோல் ஷாப்புக் கழிவுநீர்க் குட்டை. பாலாற்றைக் கெடுத்த இந்தக் கழிவைக் குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னதே!

வேலியை உயர்த்தினார். தீவனத்தைப் பிரித்து நாலு வேளை வைத்தார். துணைக்கு ஓர் ஆட்டையும் விட்டார். குதிரை நின்றது.

அப்புறம்தான் மெதுவாய்ச் சொன்னார்: "பையனும் இப்படித்தான் பாஸ்டர், வீட்டுல தங்கறதில்ல." அவனையும் அடித்திருந்தார்.

சங்கீதம் 32:9-ல் உள்ள கடிவாளத்தையே பிரசங்கிக்கிறோம், நானுந்தான். பார்த்துப் பார்த்து வழிநடத்துகிற தேவனைச் சொல்லும் எட்டாம் வசனத்தை விட்டுவிடுகிறோம்.

"அவனோட உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றேன். பதில் இல்லை. அன்று ராத்திரி 12 மணி வரை, இரண்டு தட்டுகளோடு திண்ணையிலே காத்திருந்தார்.